மலை நடையும் தேக நலமும்

பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நம்மவரிற் பலர் நித்திரையை ஓர் ஆடம்பரமாகவே கருதுகின்றனர். பகலெல்லாம் நாற்காலி வாசம். இரவெல்லாம் ஆலோசனைக் கூட்டம். படுக்கையிலும் கைப்பேசி வெளிச்சம். இதன் பயன் யாது? சோர்வும் சிடுசிடுப்பும் இரத்தக் கொதிப்புமேயாம். தேச ஊழியத்திற்கு முன்வருவோன் தன் தேகத்தைப் பேணுதலும் கடமையன்றோ?

இக்குறை ஊழியர்க்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர், 2022-ஆம் வருஷ நிலவரப்படி, போதிய தேக உழைப்பு இல்லாதவர்கள். வாரத்திற்கு 150 நிமிஷமேனும் மிதமான உழைப்பு வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. வாரம் ஒரு நாள் மூன்று மணி நேரம் மலைப்பாதையில் நடப்பவன் இக்கடனை அன்றே தீர்த்தவனாகிறான்.

நித்திரைக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் கொலராடோ சர்வகலாசாலையார் எண்மரை ராக்கி மலைப் பிரதேசத்தில் ஒரு வாரம் கூடாரத்தில் வசிக்கச் செய்தனர். மின்விளக்கு கிடையாது, சூரிய வெளிச்சமும் இரவில் தீயின் ஒளியுமே உண்டு. அவர்களுடைய தேகத்தின் உட்கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னதாகத் திரும்பியது. பகல் வெளிச்சமே அக்கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பது. மலை நடையில் அவ்வெளிச்சமும் கிடைக்கின்றது, களைப்பும் சேர்கின்றது.

மனக்கவலையின் விஷயமும் அவ்வாறே. 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர் ஒரு சாராரை மரம் புல் சூழ்ந்த வெளியிலும், மற்றொரு சாராரைப் போக்குவரத்து மிகுந்த சாலையிலும் 90 நிமிஷம் நடக்கச் செய்தனர். நொந்ததையே நினைந்து நினைந்து நோகும் குணம் முன்னவரிடம் குறைந்தது, பின்னவரிடம் குறையவில்லை. நடை மட்டும் போதாது, நடக்கும் இடமும் முக்கியம் என்பது இதனாற் பெறப்படும்.

1930-இல் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்புச் சத்தியாக்கிரகிகள் சுமார் 150 மைல் நடந்தே சென்றனர். அவர்தம் சந்ததியார் மாடி ஏறவும் மின்தூக்கியை நாடுவது அழகோ?

எனினும், உற்சாகம் விவேகத்தை மீறலாகாது. 2018-இல் தேனி ஜில்லா குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறினோர் இருபதின்மருக்கு மேல் மாண்டதை நாம் மறக்கவில்லை. அனுமதியின்றியும் வழிகாட்டியின்றியும் வனம் புகுதல் தவறு. இருதய நோயும் முழங்கால் நோயும் உள்ளோர் வைத்தியரைக் கேட்டே புறப்படுக.

2024-இல் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 40 மலையேற்ற வழிகளை ஏற்படுத்தியமை வரவேற்கத்தக்கதே. ஆனால் மலைக்காற்று காசுள்ளவனுக்கு மட்டும் உரியதன்று. கூலியாளும் குமாஸ்தாவும் செலுத்தக்கூடிய கட்டணமே நியாயமான கட்டணம். இதனை அதிகாரிகள் கவனிப்பார்களாக. ஊழியர்களோ மாதம் ஒரு ஞாயிறேனும் கூட்டத்தை ஒத்திவைத்துக் குன்றேறுவார்களாக. நன்றாய் உறங்கியவனே நன்றாய் உழைப்பான்.