அக்கரைச் சீமையில் எங்கே குடியிருப்பது?

திருநாவலூரில் அவதரித்த சுந்தரமூர்த்தி நாயனார் இவ்வூரிலேயே குடியிருந்து காலங் கழித்தவர் அல்லர். திருவாரூரில் பரவையாரை மணந்து அங்கே இல்லறம் நடத்தினார். பிறகு திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, அவரைப் பிரிவதில்லை என்று சபதமும் செய்து கொடுத்தார். ஆரூரின் வசந்த விழா நினைவுக்கு வந்ததும் சபதத்தை மீறிப் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண்ணொளி இழந்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. பிறந்த ஊர் ஒன்று, வாழும் ஊர் ஒன்று, மனத்தை இழுக்கும் ஊர் மற்றொன்று என்னும் சங்கடம் நமக்குப் புதிதன்று.

இன்று கள்ளக்குறிச்சி ஜில்லாவின் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் கடல் கடந்து போகிறார்கள். "பையன் அங்கே எந்தப் பேட்டையில் வீடு பிடிக்கலாம்? நம்மவர்கள் நடுவிலா, தனித்தா?" என்று பெற்றோர் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரிடம் வந்து கேட்கிறார்கள். முன்னே போனவர்கள் இடம் பிடித்த வரலாற்றைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

சிங்கப்பூரை எடுத்துக் கொள்வோம். 1819-ம் வருஷத்தில் ராபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து அங்கே வந்தவர் நாராயண பிள்ளை. அவர் முயற்சியால் 1827-ல் மாரியம்மன் கோயில் எழுந்தது. 1822-ல் துரைத்தனத்தார் வகுத்த நகரத் திட்டம், தென்னிந்தியருக்கு ஆற்றங்கரை ஓரமாக ஓர் இடத்தைக் குறித்தது. ஆனால் ஜனங்கள் வரைபடத்தைப் பார்த்தா குடியேறுகிறார்கள்? சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தில் தண்ணீரும் புல்லும் இருந்தன; மாட்டு வியாபாரம் செழித்தது. அந்த வியாபாரத்தைத் தொடர்ந்து ஜனங்களும் வந்தார்கள், கடைகளும் கோயில்களும் வந்தன. மாடுகள் போய்விட்ட பிறகும் 'பஃபலோ ரோடு' என்ற வீதி அங்கே இருக்கிறது. எருமைதான் தமிழருக்கு வீடு பார்த்துக் கொடுத்தது என்று சொன்னாலும் தவறில்லை!

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்னும் பேட்டைக்குச் செங்கற்சூளைகள் பெயரைக் கொடுத்தன. ரயில்வே ஆட்களைக் கொடுத்தது. தமிழகத்துத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் வேலைக்கு அருகிலேயே குடியிருந்தார்கள். ஆக, முதலில் பிழைப்பு. அடுத்தது தெரிந்த முகம். அதற்கப்புறந்தான் மளிகைக் கடையும் கோயிலும். அழகிய கடற்கரையையோ குளிர்ந்த சோலையையோ தேடி வீடு பிடித்தவர் மிகச் சிலரே.

ஆயினும் முதல் வீடே கடைசி வீடு ஆகிவிடுவதில்லை. 1983-ம் வருஷத்துக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கனடா சென்ற தமிழர் பலர், டொராண்டோவின் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் முதலில் ஒண்டிக் கொண்டார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் ஸ்கார்பரோவுக்குப் பெயர்ந்தார்கள். பாரிஸ் நகரில் லா ஷப்பல் வீதிகளில் தமிழ்க் கடைகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் அங்கே சாமான் வாங்குபவர்களில் பலருக்கு வீடு புறநகரில்.

இதுவரை சொன்னது தாமே இடம் தேடிக் கொண்டவர்களின் கதை. அந்த உரிமை இல்லாதவர்களின் கதை வேறு. 1860-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்த ஒப்பந்தக் கூலிகளுக்குத் தோட்டத்துரை காட்டிய கொட்டடியே வீடு. ஒப்பந்தம் தீர்ந்த பின் சிலர் கேட்டோ மேனரில் காய்கறி பயிரிட்டு, வீடும் கோயிலும் கட்டினார்கள். 1950-ல் தென்னாப்பிரிக்க ஸர்க்கார் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் கொண்டு வந்தார்கள். கேட்டோ மேனர் வெள்ளையருக்கென்று ஆயிற்று. உழைத்து அதை உருவாக்கியவர்கள் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலோ, நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக லயத்துக் காம்பராக்களில் அடைபட்டார்கள். 1948-ம் வருஷத்துச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் பிரஜா உரிமையையும் இழந்தார்கள்.

சிராங்கூனிலும் தமிழர் கூடியிருந்தார்கள், லயத்திலும் கூடியிருந்தார்கள். முன்னதை நகரம் என்கிறோம். பின்னதைச் சிறை என்கிறோம். கூடியிருப்பதில் வித்தியாசமில்லை, வேண்டாமென்றால் வெளியேற முடியுமா என்பதில்தான் வித்தியாசம்.

ஆகவே, பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். பையன் முதல் ஓரிரு வருஷம் நம்மவர்கள் இருக்கும் பேட்டையிலேயே இருக்கட்டும். ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கவும், எஜமானன் ஏமாற்றினால் வழி சொல்லவும் ஆள் வேண்டும். ஆனால் அந்தப் பேட்டையே உலகம் என்று இருந்துவிடலாகாது. அந்நாட்டு மொழியைக் கற்று, அண்டை வீட்டாரோடு பழகி, வேறிடத்திலும் வாழக் கூடிய தைரியத்தை அவன் சம்பாதிக்க வேண்டும். கடவுச்சீட்டை எஜமானன் வாங்கி வைத்துக் கொண்டு கொட்டகையில் அடைக்கும் இடத்துக்கு, எவ்வளவு சம்பளம் சொன்னாலும், அனுப்ப வேண்டாம்.

இன்னும் ஒன்று உண்டு. பீஹாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் பிழைப்புத் தேடி நம் தமிழகத்துக்கு வரும் இளைஞர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தாம். அவர்களைக் கட்டட வேலைத் தகரக் கொட்டகையில் பத்துப் பேராக அடைத்துவிட்டு, வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் மொழியையும் ஜாதியையும் விசாரித்துக் கதவைச் சாத்துகிறோம். அக்கரையில் நம் பிள்ளைக்குக் கதவு திறக்க வேண்டுமென்று கோயிலில் விளக்கேற்றுபவர்கள், இக்கரையில் தம் வீட்டுக் கதவைத் திறப்பதல்லவா நியாயம்?