இடுக்கில் ஏறும் மழை

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இருக்கும் தன் மகனுக்காக ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருக்கிறார். மகன் வாங்கியது புத்தம்புதிய பிக்கப் டிரக். மழை பெய்த மறுநாள் பின்சீட்டின் காலடியில் கார்ப்பெட் ஊறிக் கிடக்கிறது. பின்பக்கக் கண்ணாடி ஒழுகுகிறதோ என்று சந்தேகப்பட்டு, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. இரவெல்லாம் தூறினால் மட்டும் நனைகிறது. 'பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் கண்ணாடி தூறலுக்கு எப்படி வழிவிடுகிறது?' என்பது கேள்வி.

அருமையான கேள்வி. விடையின் முக்கால் பங்கு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் வண்டியைப் பார்த்துவிடுவோம். பிக்கப்பில் ஆட்கள் உட்காரும் கேபின் தனி, சரக்கு ஏற்றும் பின்தொட்டி தனி. இரண்டும் ஒரே அடிச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். கேபினின் பின்சுவரில் மேற்பகுதி கண்ணாடிதான். பல மாடல்களில் அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும். அதற்கு ஒரு சட்டம், தண்டவாளம் போன்ற ஒரு பள்ளம், பள்ளத்தில் விழும் நீர் வெளியேற அடியில் சிறு வடிகால் துளைகள். கண்ணாடிக்கு மேலே, கூரை விளிம்பில் மூன்றாவது பிரேக் விளக்கு. அமெரிக்காவில் கார்களுக்கு 1986 மாடலிலிருந்தும் இலகு ரக டிரக்குகளுக்கு 1994 மாடலிலிருந்தும் இது கட்டாயம். பின்சீட்டுக்குப் பின்னால், தாழ்வாக, கதவைச் சாத்தும்போது உள்காற்று வெளியேறுவதற்கான மடல் வைத்த துவாரங்கள். ஆக, ஒரே சுவரில் நகராத கண்ணாடி, நகரும் கண்ணாடி, விளக்கு, காற்றுத் துவாரம் என்று நான்கு திறப்புகள். நான்கையும் சுற்றி ரப்பரோ பசையோ நுரைப்பட்டையோ இருக்கிறது. அவற்றுக்கும் உலோகத்துக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் உண்டாகலாம்.

அந்த இடுக்குகளில்தான் விஷயம் இருக்கிறது. பரப்பு இழுவிசை, சேர்கோணம் எல்லாம் பள்ளியில் படித்தவை. இங்கே தேவை ஒரே ஒரு கணக்கு. நன்றாக நனையும் இரண்டு தட்டையான பரப்புகளுக்கு நடுவே உள்ள இடுக்கு தண்ணீரை எவ்வளவு அழுத்தத்தில் இழுக்கும்? பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கி, இடுக்கின் அகலத்தால் வகுத்தால் விடை. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.072 நியூட்டன். இடுக்கின் அகலம் 0.1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். இழுப்பு 1,440 பாஸ்கல். தண்ணீரை ஏறக்குறைய 14.7 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்ற அது போதும்.

இதைக் காற்றோடு ஒப்பிட்டால் அதன் வலிமை புரியும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை எதிர்க்காற்று நேருக்கு நேர் தள்ளும் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல்தான், 4.7 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். நெடுஞ்சாலைக் காற்றைப் போல மூன்று மடங்கு வலிமையோடு, ஓசையில்லாமல், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு மெல்லிய இடுக்கு மழையை உள்ளே இழுக்கிறது. சொன்ன கணக்கு இரு பக்கமும் துப்புரவான கண்ணாடியாக இருந்தால் கிடைக்கும் உச்ச அளவு. ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் பெயிண்ட் என்றால் பாதியளவு கிடைக்கலாம். பாதியே ஏழு சென்டிமீட்டர். கண்ணாடி பதிந்திருக்கும் உலோக விளிம்பைத் தாண்ட அது தாராளம்.

ஏறிய நீர் பிறகு எப்படி இறங்குகிறது? அகல்விளக்கைக் கவனியுங்கள். எண்ணெய் விளிம்புக்குக் கீழேதான் நிற்கிறது, ததும்பவில்லை. ஆனாலும் காலையில் விளக்கின் அடித்தட்டு எண்ணெயில் பளபளக்கும். விளிம்பின் மேல் படுத்திருக்கும் திரி எண்ணெயை ஏற்றி, விளிம்பைத் தாண்டி, வெளிப்புறத்தில் இறக்கிவிடுகிறது. வெளிநுனி எண்ணெய் மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் போதும். ஒரு முறை நனைந்த திரி நிற்காமல் சொட்டும். டிரக்கில் கண்ணாடியின் கீழ்ப்பள்ளம் அகல், உலோக விளிம்பு அகலின் வாய், ரப்பருக்கு அடியிலுள்ள இடுக்கு திரி, கார்ப்பெட் அடித்தட்டு. இறுக்கித் திரித்த திரி உயரமாக ஏற்றும், ஆனால் மெதுவாகத் தரும். தளர்ந்த திரி நிறையத் தரும், உயரம் ஏறாது. இடுக்கும் அப்படியே. 0.1 மில்லிமீட்டர் இடுக்கு உயர ஏற்றிச் சொட்டுச் சொட்டாகத் தருகிறது. 1 மில்லிமீட்டர் இடுக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றாது, ஆனால் வழி தாழ்வாக இருந்தால் ஓட்டமாகக் கொட்டிவிடும். காய்ந்த திரி எண்ணெயை நுனிக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கும்; முந்தின நாள் ஊறிய திரிக்கு எண்ணெய் விட்டதுமே நுனி நனையும். எனவே முதல் மழைக்கு இரவெல்லாம் எடுத்துக்கொண்ட ஒழுகல் அடுத்த நாள் மழைக்குச் சில நிமிடங்களில் வந்துவிடலாம்.

வாசகரின் கேள்விக்கு விடை இதுவே. பீய்ச்சிய தண்ணீர் நிமிடக் கணக்கில் வழிந்தோடிவிட்டது. திரி நனையவே நேரம் தரவில்லை. தூறல் பள்ளத்தில் தேங்கி நின்று, மணிக்கணக்காகத் திரிக்கு ஊட்டியது. தூறலில் மட்டும் ஒழுகினால் மெல்லிய இடுக்கு என்றும், கொட்டும் மழையில் உடனே ஒழுகினால் பெரிய துளை அல்லது அடைபட்ட வடிகால் என்றும் சந்தேகிக்கலாம். உபகரணம் எதுவும் இல்லாமலே நோயின் இனத்தை இப்படிப் பாதி பிரித்துவிட முடியும்.

இடுக்கு குறுகினால் இழுப்பு கூடுகிறது என்றால், அகன்றால் இழுப்பு விழ வேண்டும். 5 மில்லிமீட்டர் அகலத்தில் அது 29 பாஸ்கல்தான். 3 மில்லிமீட்டர் உயரம்கூட ஏறாது. அதனால் நல்ல வடிவமைப்பாளர், மெல்லிய இடுக்கின் பாதையில் வேண்டுமென்றே ஒரு அகன்ற பள்ளத்தைக் குறுக்கே வெட்டி வைக்கிறார். நீர் பள்ளத்தின் விளிம்பு வரை வந்து, தாண்ட முடியாமல் நின்றுவிடுகிறது. மிஞ்சியது துளை வழியே வடிகிறது. தண்ணீரைத் தடுக்க வெற்றிடத்தை வைப்பது எவ்வளவு அழகான யோசனை!

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1712-இல் இங்கிலாந்தில் புரூக் டெய்லரும் ஃபிரான்சிஸ் ஹாக்ஸ்பீயும், ஒரு ஓரம் ஒட்டியும் மறு ஓரம் சற்று விலகியும் நிற்கும் இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நீர் அதிபரவளைய வடிவில் ஏறுவதைக் கண்டார்கள். இடுக்கு குறுகக் குறுக உயரம் கூடும் என்பதைக் கண்ணால் காட்டிய சோதனை அது. 1805-ஐ ஒட்டி யங்கும் லாப்லாசும் கணிதம் கொடுத்தார்கள். இரண்டு கண்ணாடித் துண்டுகள், ஒரு தீக்குச்சி, ஒரு ரப்பர் பேண்டு, கொஞ்சம் மை கலந்த தண்ணீர் இருந்தால் டெய்லரின் வளைகோட்டை வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தைகளோடு செய்து பாருங்கள்.

புது வண்டியில் இடுக்கு எப்படி வருகிறது? நகராத கண்ணாடியை உலோகத்தோடு பிணைப்பது பாலியூரித்தேன் பசை. காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்துதான் அது இறுகுகிறது. பசைக்கோடு ஓரிடத்தில் மெலிந்தாலோ, விரல்பட்ட எண்ணெய் பரப்பில் இருந்தாலோ அங்கே ஒட்டாது. அடுத்தது வெப்பம். ஃபோர்டு எஃப்-150-இன் உடல் 2015 மாடலிலிருந்து அலுமினியக் கலவை. கண்ணாடி ஒன்றரை மீட்டர் அகலம் என்று கொண்டால், குளிர்கால விடியலுக்கும் கோடை நடுப்பகலுக்கும் இடையிலான 50 டிகிரி வேறுபாட்டில் அலுமினியம் சுமார் 1.7 மில்லிமீட்டர் விரியும், கண்ணாடி 0.7 மில்லிமீட்டர்தான். மிச்சமுள்ள ஒரு மில்லிமீட்டரைப் பசையின் நெகிழ்வு தாங்கிக்கொள்ள வேண்டும். இரும்பு உடலில் இந்த வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர் அளவே. நகரும் கண்ணாடியின் பிளாஸ்டிக் சட்டமோ கண்ணாடியைவிடப் பல மடங்கு விரியக்கூடியது. அதன் மூலைகளில் கீறல் விழுவது வியப்பில்லை. இதோடு, மேடுபள்ளத்தில் அடிச்சட்டம் முறுகும்போது கேபினும் லேசாக நெளிகிறது.

இனி, கடைகளில் விற்கும் அற்புதங்கள். 'ஒரே ஸ்ப்ரேயில் ஒழுகல் நிற்கும்' என்று நானோ பூச்சுகள் வருகின்றன. நீரை வெறுக்கும் வழவழப்பான பூச்சின் சேர்கோணம், அதாவது அதன் மேல் நிற்கும் நீர்த்துளியின் ஓரம் பரப்போடு சேரும் கோணம், 110 டிகிரி அளவு. 0.1 மில்லிமீட்டர் இடுக்கின் இரு பக்கமும் அது ஒழுங்காகப் படிந்தால் சுமார் 490 பாஸ்கல் வரை நீரைத் தள்ளி நிறுத்தும். இயற்பியல் உண்மைதான். ஆனால் இடுக்கின் உட்சுவர் முழுக்கப் பூச்சு எட்டுவதே அரிது. எட்டினாலும், தூசியும் கார் ஷாம்புவும் சேர்ந்ததும் அதே பரப்பு மறுபடி நனையத் தொடங்கும். விளம்பரம் இதைச் சொல்லாது.

குளியலறை சிலிக்கோன் இதைவிடக் கெடுதல். புளித்த காடி நெடி வீசும் வகை, இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். உலோகத்தை அது அரிக்கும். அகன்ற பள்ளத்தில் அதை அரைகுறையாக அப்பினால், நீரை நிறுத்திக்கொண்டிருந்த வெற்றிடம் போய்ப் புதிய மெல்லிய இடுக்குகள் பிறக்கும். வடிகால் துளைகளையும் சேர்த்து மூடிவிட்டால் பள்ளம் நிரம்பி உட்பக்கமாக வழியும். எல்லாவற்றையும்விட, சிலிக்கோன் படிந்த பரப்பில் பாலியூரித்தேன் ஒட்டாது. நாளைக்குக் கண்ணாடியைக் கழற்றி முறையாகப் பொருத்த வருபவருக்கு வேலை இரட்டிப்பாகும்.

செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் வேண்டும். உட்பக்கத்து அலங்காரப் பலகையையும் கூரைத்துணியின் பின் ஓரத்தையும் தளர்த்திவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். வெளியே இருப்பவர் முனை மாட்டாத ஹோஸிலிருந்து தண்ணீரை மெல்ல வழியவிட வேண்டும். கீழிருந்து தொடங்குங்கள்: முதலில் காற்றுத் துவாரம், பிறகு கண்ணாடியின் அடி ஓரம், பக்கங்கள், மேல் ஓரம், கடைசியாகப் பிரேக் விளக்கு. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு இடத்திலும் பல நிமிடம் காத்திருங்கள். திரி நனைய வேண்டும். நீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றல்ல. விளக்கின் வழியே புகுந்த நீர் கூரைத்துணிக்கு அடியில் ஓடிக் கண்ணாடியின் உட்பக்கம் இறங்கும்; பழி கண்ணாடி மேல் விழும். கண்டுபிடிக்க இன்னொரு வழி, காற்றுத் துவாரங்களை டேப்பால் மூடி, கதவுகளைச் சாத்தி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியே சோப்புநீர் தடவுவது. குமிழி வரும் இடத்தில் வழி இருக்கிறது. சோதனை முடிந்ததும் டேப்பை உரித்துவிட்டு, சோப்பை நன்றாகக் கழுவுங்கள். சோப்பு தங்கிய இடுக்கு தண்ணீரை இன்னும் எளிதில் உள்ளே விடும்.

நனைந்த கார்ப்பெட்டையும் அதன் அடியிலுள்ள பஞ்சையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்துங்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கெடு இது. சீட்டுக்கு அடியில் ஓடும் ஒயர் இணைப்புகளையும் பாருங்கள்.

வாசகரின் மகனுக்கு என் யோசனை: எதையும் அப்பாதீர்கள். ஹோஸ் சோதனையை வீடியோ எடுத்து, தேதியோடு டீலரிடம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் எழுத்து மூலமான பழுதுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பிக்கப்புகளுக்கு 3 ஆண்டு அல்லது 36,000 மைல் அடிப்படை வாரன்டி உண்டு. திரும்பத் திரும்பப் பழுது பார்த்தும் தீராத பெருங்குறையுள்ள புது வண்டிகளுக்கென்று ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டம் இருக்கிறது. அதற்கு அந்தச் சீட்டுகள்தான் சான்று. வழி தெரிந்த பிறகு, கண்ணாடியைக் கழற்றிப் புதுப் பசையில் பொருத்தச் சொல்லுங்கள். வழி விளக்கில் இருந்தால் அதன் பட்டையை மாற்றச் சொல்லுங்கள். வடிகால் துளைகளைப் பருவத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.