தாயார் பாடிய பாட்டு

சில பாட்டுக்களுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் போதும். பிறகு கடன் கொடுத்தவனைப் போல் நம்மை விடாமல் துரத்தும். குளிக்கப் போனால் அங்கே வரும். சாப்பிட உட்கார்ந்தால் இலைக்கு எதிரே வந்து உட்காரும். தூங்கலாம் என்று தலையைச் சாய்த்தால் தலையணைக்குள்ளிருந்து புறப்படும். சினிமாப் பாட்டுக்களில் இந்தக் குணம் வாய்ந்தவை ஆயிரம் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டொரு மாதத்தில் தாமே அலுத்துப்போய் விலகிக் கொள்ளும். நான் சொல்லப் போகும் பாட்டோ 1947-ம் வருஷத்தில் எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது. இன்றுவரையில் காலி செய்வதாகத் தெரியவில்லை. மூன்று தலைமுறையாகக் குடியிருந்து வருகிறது!

அதுதான் மகாகவி பாரதியாரின் 'சுதந்திரப் பள்ளு'. 'நாம் இருவர்' என்னும் படத்தில் ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடிய பாட்டு என்று சொன்னால், நேயர்களில் பலர் இந்த க்ஷணமே அதை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்படி யாராவது தொடங்கியிருந்தால் அதற்கு நான் ஜவாப்தாரியல்ல.

ராட்டினமும் பாட்டும்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் காமாக்ஷி அம்மனைத் தரிசிக்கிறார்கள். வரதராஜப் பெருமாளைச் சேவிக்கிறார்கள். கடைத் தெருவில் புடவை வாங்குகிறார்கள். ஊருக்குத் திரும்பி விடுகிறார்கள். அந்தப் புடவை பிறந்த இடத்தை எட்டிப் பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் ஒரு காலத்தில் காலை முதல் இரவு வரையில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது பல வீடுகளில் தறிக் குழியை மூடித் தரை போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறிப் போகிறார்கள். நான் சொல்வது தறி ஓடிய காலத்துக் கதை.

எங்கள் வீட்டில் தறியில் உட்காருகிறவர் என் தகப்பனார். காஞ்சிபுரம் புடவையின் பெருமையே கோர்வையில்தான் இருக்கிறது. உடல் ஒரு நிறம், இரு பக்கத்துக் கரையும் வேறு நிறம் என்றால், ஒரே நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடினால் சரிப்படாது. உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு, ஆக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். உடல் இழையும் கரை இழையும் வழியில் சந்தித்து ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஓர் ஆள் போதாது. ஒரு பக்கத்துக் கரையைக் கவனிக்க இன்னொருவர் உட்கார வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த உத்தியோகம் எனக்கு.

என் தாயாரின் வேலை தார் சுற்றுவது. சுவரோரமாக உட்கார்ந்து, ராட்டினத்தைச் சுழற்றி, ஊடைப் பட்டைத் தார்க்குச்சியில் ஏற்றுவார். அந்த ராட்டினம் சுழலும் போதெல்லாம் அவர் வாய்க்குள் இந்தப் பாட்டும் சுழலும். பாட்டின் நடைக்கு ஏற்ப ராட்டினம் ஓடிற்றா, ராட்டினத்தின் ஓட்டத்துக்கு ஏற்பப் பாட்டு நடந்ததா என்று இன்று வரையில் எனக்குத் தெரியாது. இட்டலி வார்ப்பதுபோல், ரசம் வைப்பதுபோல், இந்தப் பாட்டையும் என் தாயாரே செய்தார் என்பதுதான் ஏழு வயதில் நான் கொண்டிருந்த திடமான நம்பிக்கை.

ஒரு நாள் தேநீர்க் கடை ரேடியோவில் யாரோ ஓர் அம்மாள் அந்தப் பாட்டைப் பாடுவதைக் கேட்டேன். எனக்கு ஆத்திரம் பொங்கிற்று. வீட்டுக்கு ஓடிப் போய், "அம்மா! உன் பாட்டை யாரோ திருடிவிட்டார்கள்!" என்று புகார் செய்தேன்.

தாயார் ராட்டினத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அவங்க பாட்டைத்தான்டா நான் திருடி வெச்சிருக்கேன். அவங்களும் நம்ம ஊர்ப் பொண்ணுதான்" என்றார்.

நம்ம ஊர்ப் பெண்

அவர் சொன்னது உண்மை. காஞ்சிக்கு மேற்கே, வேலூர் போகும் சாலையில் தாமல் என்ற கிராமம் இருக்கிறது. தாமல் கிருஷ்ணஸ்வாமி தீக்ஷிதரின் குமாரி பட்டம்மாள் 1919-ம் வருஷம் மார்ச்சு மாதம் 19-ந் தேதி காஞ்சிபுரத்தில் பிறந்தார்.

காஞ்சிபுரத்துக்குச் சங்கீதம் புதிதல்ல. லயத்தில் சிங்கமென்று பெயர் வாங்கிய நாயனாப் பிள்ளை இந்த ஊர்க்காரர். அவருடைய பெரிய தாயார் முறையான தனகோடி அம்மாள் கச்சேரிகள் செய்து புகழ் பெற்றவர். ஆகையால் அந்தக் காலத்தில் பெண்கள் மேடையில் பாடியதே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சங்கீதத்தையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குலங்களில் பிறந்த மாதர்கள் பாடினார்கள். சபை நிறையக் கூட்டமும் கூடிற்று. ஆனால் 'குடும்பப் பெண்' என்று சொல்லப்பட்டவளுக்கு மட்டும் பாட்டு வாசற்படியோடு நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். எழுதாத சட்டம், ஆதலால் மாற்றுவதற்கும் கடினமான சட்டம்.

பட்டம்மாளின் தாயார் காந்திமதி அம்மாளை ராஜம்மாள் என்றும் அழைப்பார்கள். அவர் நன்றாகப் பாடக் கூடியவர். ஆயினும் ஆசாரத்துக்குக் கட்டுப்பட்டு, வெளியார் முன்னிலையில் மட்டுமல்ல, உற்றார் உறவினர் முன்னிலையிலுங்கூட அவர் பாடியதில்லை.

அந்தத் தாயாரின் பெண் பத்தாவது வயதில், 1929-ல், சென்னை நகரசபையின் வானொலியில் பாடினாள். 1932-ல் சென்னையில் மேடை ஏறினாள். பின்னால், புருஷர்களின் ஏகபோகமாயிருந்த ராகம் தானம் பல்லவியைக் கச்சேரியில் பாடிப் 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் பெற்றாள். 1939-ல் 'தியாக பூமி' படத்துக்குத் தேசீய கீதம் பாடினார். சினிமாவில் பக்தியும் தேசபக்தியுமான பாட்டுக்களைத் தவிர வேறொன்றும் பாடுவதில்லை என்ற விரதத்தைக் கடைசி வரையில் காத்தார். 2009-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி தமது தொண்ணூறாவது வயதில் அவர் மறைந்தார்.

வீட்டுக் கூடத்துக்கு வெளியே கேட்காத தாயின் குரலையும், கடல் கடந்தும் கேட்ட பெண்ணின் குரலையும் சேர்த்து நினைக்கும் போதெல்லாம் எனக்கு என் தாயாரின் ராட்டினம் ஞாபகம் வருகிறது.

யாருடைய பாட்டு?

பாட்டைத் திருடிவிட்டார்கள் என்று நான் அலறினேன் அல்லவா? உண்மையில் அந்தப் பாட்டின் சொந்தக்காரர் யார் என்பது ஒரு காலத்தில் பெரிய வழக்காகவே இருந்தது.

பள்ளு என்பது வயலில் உழைத்த ஏழை ஜனங்களின் வாழ்க்கையைப் பாடும் பழைய பிரபந்த வகை. சேற்றிலே நின்றவர்களின் களியாட்டத்தை எடுத்து, தேசம் முழுவதற்கும் உரிய ஆனந்தமாகப் பாரதியார் மாற்றினார். இதிலே இன்னொரு விந்தையும் உண்டு. உலகத்துச் சுதந்திர கீதங்களில் பல போருக்கு அழைப்பவை; 1792-ல் பிறந்த பிரெஞ்சு தேசத்துக் கீதம் ஆயுதம் எடுக்கச் சொல்கிறது. பாரதியாரோ, சுதந்திரம் வந்தே விட்டது என்று தீர்மானித்துக்கொண்டு கொண்டாட்டத்தைத் தொடங்கிவிட்டார்! அவர் காலமானது 1921-ம் வருஷம் செப்டம்பர் மாதம். சுதந்திரம் வருவதற்கோ இன்னும் இருபத்தாறு வருஷம் இருந்தது. நடுவில், 1928-ல், பாரதி பாடல் புத்தகங்களைச் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்தது. காஞ்சிபுரத்துச் சிறுமி பட்டம்மாளுக்கு அப்போது வயது ஒன்பது.

1947-ம் வருஷத்துப் பொங்கலை ஒட்டி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரின் 'நாம் இருவர்' வெளிவந்தது. அதற்காகச் செட்டியார் பாரதி பாடல்களின் உரிமையை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆர். சுதர்சனத்தின் இசையமைப்பில் பட்டம்மாள் பாடியதைத் தமிழ்நாடு முழுவதும் பாடிற்று. அதே வருஷம் ஆகஸ்டில் சுதந்திரம் பிறந்த வேளையில் சென்னை வானொலியிலும் பட்டம்மாள் பாரதியின் பாட்டுக்களைப் பாடினார். கவி கண்ட கனவும் பஞ்சாங்கத் தேதியும் அன்றைக்குத்தான் ஒன்று சேர்ந்தன. பிற்பாடு, 1949-ல், சென்னை அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையை வாங்கிற்று. அதன் பிறகு பாரதியின் பாட்டு ஒரு முதலாளியின் சொத்தாக இருக்கவில்லை. என் தாயார் 'திருடிய' குற்றமும் அத்துடன் தள்ளுபடி ஆயிற்று.

ஒரு சிறு குற்றம்

ஆனால் தள்ளுபடி ஆகாத குற்றம் ஒன்று உண்டு. அது என்னுடையது.

1947-ல் என் தாயாருக்கு ஏழு வயது. அடுத்த வீட்டு ரேடியோவில் கேட்டே பாட்டு முழுவதும் பாடமாகிவிட்டதாம். ஆகஸ்டு 15-ந் தேதி தெருவில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். கொடி ஏற்றியவர் வேறு யாருமல்ல. என் தாயாரைப் பெற்ற பாட்டனார்தான். குதூகலம் தாங்காமல் என் தாயார் அந்தக் கொடிக் கம்பத்தின் அடியில் நின்று உரத்த குரலில் பாடத் தொடங்கினார். பாட்டனார் அருகில் வந்து, "பொட்டைப் பிள்ளைக்குத் தெருவுலே என்ன பாட்டு? உள்ளே போ" என்றார். தேசத்துக்கு விடுதலை கிடைத்த முதல் நாள் காலையில் என் தாயாருக்குக் கிடைத்த உத்தரவு அது.

பாட்டனாரை நினைத்து நான் வெகு காலம் கோபப்பட்டதுண்டு. அந்தக் கோபத்துக்கு எனக்கு யோக்கியதை கிடையாது. எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது ஒரு நாள் மாலை என் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் அவர் உட்கார்ந்திருக்க, உள்ளேயிருந்து ராட்டினச் சத்தமும் பாட்டும் வந்தன. எனக்கு எதனாலோ வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே ஓடி, "அம்மா! சும்மா இரேன்! வாத்தியார் வந்திருக்கார்!" என்றேன்.

பாட்டு நின்றது. ராட்டினம் மட்டும் ஓடிற்று. உபாத்தியாயர் போகும்போது, "பாட்டு நன்றாயிருந்ததே, ஏன் நிறுத்திவிட்டார்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, அந்நியர் குரல் கேட்டால் என் தாயார் தாமாகவே பாட்டை நிறுத்திவிடுவார். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது தலைமுறை

2019-ம் வருஷம் என் பெண்ணின் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குப் பாட்டுப் பாடப் பெயர் கொடுத்திருந்தாள். என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் உள்ளேயிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று பதினொரு வயதுக் குரல், மற்றொன்று எழுபத்தொன்பது வயதுக் குரல். "ஆயா, அந்த இடத்தை இன்னொரு வாட்டி சொல்லு" என்று குழந்தை கேட்க, கிழவியார் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார். தறி போய் வெகு நாளாயிற்று. தாளத்துக்கு ராட்டினம் இல்லை. கையால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அச்சமயம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கலியாணப் புடவை விஷயமாக யோசனை கேட்க வெளியூரிலிருந்து ஒரு குடும்பத்தார் வந்திருந்தார்கள். "சார் இருக்கிறாரா?" என்ற குரல் கேட்டதுதான் தாமதம், உள்ளே பாட்டு நின்றது. கதவிடுக்கு வழியாக என் தாயார் என்னைப் பார்த்தார். 'நிறுத்திவிட்டேன், அப்பா' என்பது போன்ற பார்வை. என் பெண்ணும் என்னைப் பார்த்தாள். பாட்டி ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் இன்னும் ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக் கொண்டிருந்தால் அவளுக்கும் அது விளங்கிவிடும் என்பது எனக்கு விளங்கிற்று. எழுதாத சட்டங்கள் அப்படித்தான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

"ஏம்மா நிறுத்திட்டே? பாடு. நல்லா உரக்கவே பாடு" என்றேன்.

தாயார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குழந்தையின் பக்கம் திரும்பி, "பாதியிலே விட்டதை எடுக்கக் கூடாது. முதல்லேருந்து வா" என்றார்.

வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்தார்கள். கலியாணப் பேச்சு கால் மணி நேரம் ஒத்திப் போடப்பட்டது. அவர்களோடு வந்திருந்த ஒரு முதிய அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடத் தொடங்கினார். அவருக்கும் அந்தப் பாட்டு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

என் பெண் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினாளா என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை, அன்று போட்டியே கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் இப்போது யார் வந்தாலும் பாட்டு நிற்பதில்லை.