மரக் கயாக்கின் அடிப்புறக் கீறல்களைச் சீரமைத்தல்

மரக் கயாக் என்பது ஒருவரோ இருவரோ அமர்ந்து துடுப்பால் செலுத்தும் குறுகிய மரப்படகு ஆகும். இது மெல்லிய மரக்கீற்றுகளாலோ மரைன் பிளைவுட் பலகையாலோ செய்யப்படுகிறது. மணல், சிப்பி, பாறை, கான்கிரீட் படி போன்றவற்றில் உரசும்போது இதன் அடிப்புறத்தில் கீறல்கள் விழுகின்றன. அவற்றுள் சில தோற்றத்தை மட்டும் கெடுப்பவை. சில படகையே கெடுப்பவை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே சீரமைப்பின் முதற்படியாகும்.

கட்டுமரமும் கயாக்கும்

சென்னையின் நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் தலைமுறைகளாகப் புழங்கிய கட்டுமரத்தில் மரம் மூடப்படாமல் இருந்தது. எடை குறைந்த மரத்தடிகள் கயிற்றால் பிணைக்கப்பட்டன. கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து, தடிகளை மணலில் காயவைப்பது வழக்கம். எனவே கட்டுமரத்துக்குக் கீறல் பெரிய கேடன்று.

கயாக்கின் நிலை இதற்கு நேர்மாறானது. பெரும்பாலும் 4 முதல் 6 மி.மீ. தடிமனே உள்ள மரத்தின் மீது எபாக்சி ரெசினும் கண்ணாடி இழைத்துணியும், அவற்றின் மேல் வார்னிஷும் பூசப்படுகின்றன. கீறல் வழியே நுழையும் நீரை இந்தப் பூச்சு எளிதில் வெளியேற விடுவதில்லை. மரத்தின் ஈரப்பதம் தொடர்ந்து 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பூஞ்சை வளர்ந்து மரம் மக்கத் தொடங்கும்.

கீறலின் ஆழத்தை அறிதல்

படகை நன்னீரில் கழுவி, கீறல் மீது சிறிது நீர் தடவிப் பார்க்க வேண்டும்.

1. நீர் பட்டதும் கீறல் மறைந்தால், அது வார்னிஷில் மட்டும் உள்ளது.
2. நீர் பட்டும் வெண்மையாகத் தெரிந்தால், எபாக்சியோ இழைத்துணியோ சேதமடைந்திருக்கிறது.
3. கீறலைச் சுற்றி மரம் கருத்திருந்தால், ஈரம் உள்ளே சென்றுவிட்டது எனக் கொள்ளலாம்.

உலர்த்தல்

மூன்றாம் வகையில் தளர்ந்த பூச்சைச் சுரண்டி நீக்கி மரத்தைத் திறந்துவிட வேண்டும். படகைக் கவிழ்த்து, காற்றோட்டமுள்ள நிழலில் பல நாட்கள் வைக்க வேண்டும். கடும் வெயில் ஏற்றதன்று. அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சி வகைகள் பல, 50 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றில் உப்பு கலந்திருக்கும். மரத்தில் படியும் உப்பு ஈரத்தை ஈர்க்கும் என்பதால், உலர்த்தும் முன் நன்னீரால் கழுவுவது கட்டாயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவ்வேலையைத் தவிர்ப்பது நல்லது.

நிரப்புதல்

கீறலின் ஓரங்களை 80 எண் உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். மரத்தில் முதலில் எபாக்சியை மட்டும் தடவி, பிறகு நுண்ணிய மரத்தூள் கலந்த எபாக்சியால் பள்ளத்தை நிரப்ப வேண்டும். இழை அறுந்திருந்தால், கீறலைவிட அகலமான இழைத்துணித் துண்டை ஒட்ட வேண்டும். சூடேறிவரும் மரத்திலிருந்து காற்றுக்குமிழ்கள் கிளம்பும். அதனால் வெப்பம் தணியத் தொடங்கும் பிற்பகலே எபாக்சி பூச ஏற்ற நேரம்.

ஈரமான காற்றில் இறுகும் எபாக்சியின் மேல் மெழுகு போன்ற படலம் தோன்றுவதுண்டு. தேய்க்கும் முன் அதை நீரால் கழுவி அகற்றாவிட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது.

ரெசின் தேர்வு

சென்னைக் கடற்கரையில் இன்று பெருகியுள்ள ஃபைபர் படகுகளுக்குப் பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின் பயன்படுகிறது. விலை குறைவென்று அதையே மரக் கயாக்குக்குப் பூசுவது தவறு. இறுகிய எபாக்சியிலும் மரத்திலும் அது உறுதியாக ஒட்டாது. பாலியஸ்டரில் வினையூக்கியின் அளவை ஓரளவு கூட்டிக் குறைத்து இறுகும் வேகத்தை மாற்றலாம். எபாக்சியில் அப்படிச் செய்யக் கூடாது. ஹார்ட்னரைக் கூட்டினால் வேகம் கூடாது. கலவை முழுமையாக இறுகாமல் போகும். அதிக அளவில் ஒரே குவளையில் கலந்தால் வெயில் காலத்தில் சில நிமிடங்களிலேயே சூடேறிப் புகையும். ஆகவே சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும்.

வார்னிஷ் பூச்சு

எபாக்சி முழுமையாக இறுக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதன்பின் 120, 220 எண் தாள்களால் தேய்த்து, புறஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷை மூன்று நான்கு முறை மெல்லியதாகப் பூச வேண்டும். வெயில் எபாக்சியைச் சிதைக்கும் என்பதால் இது வெறும் மெருகு அன்று. பனி உலர்ந்த முற்பகல் நேரம் இதற்கு ஏற்றது. மாலையில் பூசினால் இரவின் ஈரம் பட்டுப் பளபளப்பு மங்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே 320 எண் தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும்.

முதல் வகைக் கீறலுக்கு வார்னிஷ் பூச்சு மட்டுமே போதும்.

பாதுகாப்பு

எபாக்சியும் ஹார்ட்னரும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. கையுறை அணிவதும், தேய்க்கும்போது தூசு முகமூடி அணிவதும் அவசியம்.