தீவுக்குச் சேதி போன கதை

கடலில் புயல் கிளம்புகிறது. வானிலை நிலையத்துக்குத் தெரிந்துவிட்டது. வானொலி நிலையத்துக்கும் தெரிந்துவிட்டது. கடலோரக் குடிசையில் இருப்பவருக்குத் தெரியுமா? கரண்ட் இல்லாத ஊராக இருந்தால் அவருக்கு யார் சொல்வார்கள்?

இதைத் தெரிந்துகொள்ள நாம் கொல்கத்தா வரை போவோம். மேற்கு வங்காளத்தின் தலைநகரம் அது. முன்பு கல்கத்தா என்று பெயர். சென்னையிலிருந்து ரயிலில் போனால் ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

சேதி அனுப்புவதில் பல புதுமைகளைக் கண்ட ஊர் அது. 1851-இல் அங்கிருந்து டைமண்ட் ஹார்பர் வரை தந்திக் கம்பி போட்டார்கள். 1895-இல் ஜகதீச சந்திர போஸ் என்ற வங்காள விஞ்ஞானி அங்கே ஓர் அதிசயம் செய்து காட்டினார். கம்பியே இல்லாமல் தூரத்தில் இருந்த மணியை அடிக்கச் செய்தார். இந்தியாவின் முதல் செல்போன் பேச்சும் கல்கத்தாவிலிருந்துதான். 1995 ஜூலை 31 அன்று முதலமைச்சர் ஜோதிபாசு டெல்லிக்குப் பேசினார். அப்போது வருகிற போனுக்கும் காசு கொடுக்க வேண்டும்! ஏழைக்கு அது எட்டாக்கனி.

புயல் சேதிக்கும் அங்கே பழைய கதை உண்டு. 1864-இல் வந்த பெரும்புயலில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். மறு வருடமே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கப்பலுக்குச் சேதி போயிற்று. குடிசைக்குச் சேதி போக இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

கொல்கத்தாவுக்குத் தெற்கே சுந்தரவனம் இருக்கிறது. நம் பிச்சாவரத்தில் உள்ளது போன்ற சதுப்புக் காடு. ஆனால் மிகமிகப் பெரியது. இந்தியப் பகுதியில் மட்டும் 102 தீவுகள். அவற்றில் 54 தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். மீன் பிடிப்பார்கள், நெல் விளைவிப்பார்கள், புலி நடமாடும் காட்டில் தேன் எடுப்பார்கள். தீவுக்கும் தீவுக்கும் நடுவே கடல்போல அகன்ற ஆறுகள். அவற்றைத் தாண்டி மின்கம்பி கொண்டுபோவது லேசான காரியமா? அதனால் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்குதான். இல்லாவிட்டால் டீசல் ஜெனரேட்டர். டீசலும் படகில் வர வேண்டும். புகை, இரைச்சல், செலவு மூன்றும் சேர்ந்து வரும்.

அங்கே வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. 1996-இல் சாகர் தீவில் கமல்பூர் என்ற ஊரில் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் நிலையம் வந்தது. பகலில் சோலார் தகட்டில் வெயில் படும். தகடு அதை மின்சாரமாக மாற்றும். பேட்டரி அதைச் சேர்த்து வைக்கும். இருட்டியதும் அந்த மின்சாரம் வீடுகளுக்குப் போகும். புகை கிடையாது. பிறகு பல தீவுகளில் வீட்டுக் கூரைகளிலும் தகடுகள் ஏறின. சாகர் தீவுக்கு ஆற்றைக் கடந்து மின்கம்பியும் வந்துவிட்டது.

கம்பி வந்தாயிற்றே, தகடு எதற்கு? 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்தது. கம்பங்கள் சாய்ந்தன. கொல்கத்தா நகரத்திலேயே பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தீவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செல்போன் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். கரண்டும் டீசலும் தீர்ந்தால் கோபுரம் ஊமையாகிவிடும். நம் கையில் இருக்கும் போனில் சார்ஜ் இருந்தும் பயன் இல்லை.

அந்த நேரத்தில் கைகொடுப்பது சாதாரண ரேடியோப் பெட்டிதான். அதற்குப் பக்கத்தில் கோபுரம் தேவையில்லை. வெகுதூரத்து நிலையமும் கேட்கும். மின்சாரமும் சொற்பமே தின்னும். 60 வாட் குண்டு பல்பு ஒரு மணி நேரம் எரிகிற மின்சாரத்தில் ஒரு சின்ன ரேடியோ இரண்டு நாளுக்கு மேல் பாடும். ஒரு சிறு தகடே அதற்குப் போதும்.

ரேடியோவில் கேட்கத்தான் முடியும். பதில் பேச முடியாது. பேசுவதற்கு ஒயர்லெஸ் கருவி உண்டு. தேர்வு எழுதி, அரசு உரிமம் வாங்கி இதை இயக்கும் ஆர்வலர்களை 'ஹாம்' என்கிறார்கள். பேட்டரி இருந்தால் போதும், இரண்டு கருவிகள் நேராகப் பேசிக்கொள்ளும். நம் பொங்கல் சமயத்தில் சாகர் தீவில் கங்காசாகர் திருவிழா நடக்கும். லட்சக்கணக்கில் கூட்டம். அங்கே காணாமல் போனவர்களை வீட்டாரிடம் சேர்க்க மேற்கு வங்க ரேடியோ கிளப் ஆர்வலர்கள் உதவி வருகிறார்கள்.

கருவி இருந்தாலும் சேதியை ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டும். இதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரை நடுவாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அப்போது தொலைபேசி ஒழுங்காக வேலை செய்யாது. ஆகவே ஒயர்லெஸ் வழியே சேதி அனுப்பினார்கள். கரண்ட் நிற்கும்போது சூரிய மின்சாரம் உதவியது. எந்தச் சாதியாரும் ஆண் பெண் பேதம் இல்லாமல் வந்து போகும் இடமாக மையம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது இதுதான். வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீனவர்கள் கேட்டுவிட்டுப் படகை இறக்கினார்கள்.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் டி.வி.யில் சுனாமிச் சேதி பார்த்தார். உடனே ஊருக்குப் போன் செய்தார். ஊரார் தகவல் மையத்துக்கு ஓடினார்கள். ஒலிபெருக்கியில், "எல்லாரும் கரையை விட்டு ஓடுங்கள்" என்று கூவினார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. சுமார் 3,600 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

வங்காளத்தில் பாதுரியா என்ற இடத்தில் 2003 வாக்கில் 'நபான்ன' என்ற திட்டம் நடந்தது. அங்கே கிராமத்துப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த விவசாயம், மருந்து, கைவேலை எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதினார்கள். அவற்றைக் கணினியில் ஏற்றினார்கள். செய்தி மடலாக அச்சடித்தார்கள். சேதி கேட்டவர்கள் சேதி சொல்பவர்களாக ஆனார்கள்.

உங்கள் ஊரிலும் சோலார் தகடு இருக்கலாம். தகட்டில் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். ஈரத் துணியால் துடையுங்கள். பேட்டரி சில வருடங்களில் ஓய்ந்துவிடும். ஈய பேட்டரி என்றால் உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கும். வீட்டில் உடைக்காதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். கிணற்றுப் பக்கம் வீசினால் தண்ணீரும் கெடும். பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்க 2001-லேயே விதி வந்தது. 2022-இல் புதிய விதிகள் வந்தன. புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுங்கள். அதற்கு விலை கழித்துக்கொள்வார்கள். கேட்டு வாங்குங்கள்.