உணவு கொள்ளாத காட்டு வாத்துக் குஞ்சு

பருவமழையால் ஏரிகளும் தாழ்நிலங்களும் நிரம்பும் மாதங்களில், நீர்நிலைகளை அடுத்துள்ள பள்ளிகளுக்கும் வனத்துறை நிலையங்களுக்கும் எதிர்பாராத விருந்தாளி ஒன்று வந்து சேர்வதுண்டு. களையெடுக்கும்போதோ, புல் அறுக்கும்போதோ அகப்பட்ட வாத்துக் குஞ்சு ஒன்றை யாரேனும் கூடையிலிட்டுக் கொணர்கின்றனர். அதன் முன் சோறும், பாலில் நனைத்த ரொட்டியும் அன்புடன் வைக்கப்படுகின்றன. குஞ்சோ எதனையும் தொடுவதில்லை; ஓயாது கூவுகிறது; பின்னர் ஓய்ந்து மடிகிறது. பட்டினியே இதற்குக் காரணம் எனக் காண்போர் கருதுவர். ஆயின் பட்டினி பெரும்பாலும் முதற்காரணமன்று. குளிரும் தனிமையுமே அதற்கு முன்னோடிகள். இவ்வுண்மையை அறிந்தவர் அக்குஞ்சைப் பிழைக்க வைக்க இயலும்.

எவ்வினத்தின் குஞ்சு?

நம் நாட்டில் குளிர்காலத்தில் காணப்படும் வாத்தினங்களுட் பெரும்பாலானவை சைபீரியா, மத்திய ஆசியா போன்ற பகுதிகளினின்று வருபவை. அவை இங்குக் கூடு கட்டுவதில்லை. ஆகவே சமவெளியில் அகப்படும் குஞ்சு, இங்கேயே வாழும் சில இனங்களுள் ஒன்றைச் சார்ந்ததாகவே இருத்தல் வேண்டும். புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச் சிறகி, குள்ளத் தாரா, ஆணின் அலகின்மீது கொம்பு போன்ற புடைப்புடைய செண்டு வாத்து ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இராஜஸ்தானத்திலுள்ள பரத்பூர் நீர்நிலையில் இந்நான்கினையும் காணலாம். புள்ளிமூக்கு வாத்து நீரோரப் புற்களிடையே தரையில் முட்டையிடும். குள்ளத் தாரா மரப்பொந்தையே நாடும். அதன் குஞ்சுகள் பொரித்தபின் உயரத்திலிருந்து கீழே குதித்தே தம் வாழ்வைத் தொடங்குகின்றன.

உண்மையில் அநாதையா?

இக்கேள்விக்கு விடை காணாமல் குஞ்சைக் கையில் எடுத்தல் தவறாகும். மனிதர் அணுகும்போது தாய்ப் பறவை சிறகொடிந்தது போல் நடித்து நீரில் அடித்துக்கொண்டு விலகிச் செல்வதுண்டு. பகைவனின் நோக்கைக் குஞ்சுகளினின்று திருப்பும் தந்திரம் இது. இதனை அறியாதார் தாய் காயமுற்றதெனவும், குஞ்சுகள் கைவிடப்பட்டனவெனவும் எண்ணுவர். ஆதலின் தொலைவில் மறைந்திருந்து நெடுநேரம் கவனித்தல் வேண்டும். தாய் தென்படின், குஞ்சை அதன் கண்ணிலும் செவியிலும் படும்படி நீரோரப் புதரருகே விட்டு உடனே அகல வேண்டும். தாயினும் சிறந்த செவிலி இல்லை.

உண்ணாமைக்குக் காரணங்கள்

புறா, கிளி முதலியவற்றின் குஞ்சுகள் கண் திறவாமல் பிறந்து, பெற்றோர் ஊட்டும் உணவை வாய் திறந்து ஏற்பவை. வாத்தின் குஞ்சு அத்தகையதன்று. அது கண் திறந்து, மென்தூவி போர்த்துப் பிறக்கிறது. ஏறத்தாழ ஒரு நாளில் கூட்டை விட்டு நடக்கிறது. உணவைத் தானே கொத்துகிறது. தாய் ஊட்டுவதில்லை, உணவுள்ள இடத்திற்கு அழைத்துச் செல்வதும், உடற்சூடு தருவதுமே அதன் பணி. எனவே நாம் இட்டு நிரப்ப வேண்டியது ஊட்டும் கையை அன்று, வழிகாட்டும் தாயையே.

பொரிப்பதற்குச் சற்று முன்னர் மஞ்சட் கருவின் எஞ்சிய பகுதி குஞ்சின் வயிற்றினுள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. முதல் 1 அல்லது 2 நாள்களுக்கு அதுவே போதிய ஆகாரம். அந்நாள்களில் குஞ்சு உண்ணாதிருத்தல் நோயன்று. அதன் பின்னும் உண்ணாதாயின் மூன்று காரணங்களை வரிசையாக ஆராய்க. உடல் குளிர்ந்திருக்கலாம், குளிர்ந்த குஞ்சு உண்டாலும் அதனைச் செரிக்க வல்லதன்று. தனிமையின் அச்சம் இருக்கலாம். உரத்த இடைவிடாக் கூவல் அதன் அறிகுறி. வைத்த பொருளை உணவென்று அது அறியாதிருக்கலாம். இயற்கையில் முதல் வாரங்களில் அது பெரிதும் உண்பவை நெளியும் நீர்ப்பூச்சிகளும் புழுக்களுமே. அசைவற்ற சோறு அதன் கண்ணிற்கு உணவாகத் தோன்றுவதில்லை.

செய்ய வேண்டுவன

முதலில் வெப்பம், பின்னர் நீர், அதன் பின்னரே உணவு. இவ்வரிசை மாறலாகாது.

உயரமான அட்டைப் பெட்டியில் வழுக்காத துணியை விரித்து, ஒரு மூலையின்மேல் விளக்கைத் தொங்கவிடுக. முதல் வாரத்தில் விளக்கின் கீழ் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருத்தல் நன்று. வாரந்தோறும் ஏறத்தாழ 3 டிகிரி குறைக்கலாம். இக்கால எல்.இ.டி. விளக்குகள் போதிய சூடு தருவதில்லை. பழைய இழை விளக்கு கிடையாவிடின், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வைத்து, ஆறுந்தோறும் மாற்றுக. பெட்டியின் மறு பாதி சூடின்றி இருக்கட்டும். குஞ்சு விளக்கடியில் ஒடுங்கிக் கூவினால் வெப்பம் போதாது. வாய் திறந்து மூச்சிரைத்து விலகினால் வெப்பம் மிகை. அமைதியாக நடமாடினால் அதுவே தக்க அளவு.

நீரை ஆழமற்ற தட்டில் கூழாங்கற்களுக்கிடையே ஊற்றி வைக்க வேண்டும். வாத்து உணவை நீருடன் சேர்த்தே விழுங்கும். நீரின்றி உலர்தீவனம் மட்டும் வைத்தல் கூடாது. ஆயினும் முதல் நாள்களில் நீந்த விடலாகாது. தாயின் அணைப்பிலுள்ள குஞ்சு நனைந்தால் விரைவில் உலரும். அநாதைக் குஞ்சோ தூவி நனைந்து, குளிரால் விறைத்துவிடும்.

உணவைப் பொறுத்தவரை, கொசுப்புழுக்களை நீர்த்தட்டில் விடுதல் எளிய வழி. அவற்றின் நெளிவே குஞ்சைக் கொத்தத் தூண்டும். குளத்தின்மேல் பச்சைப் படலமாக மிதக்கும் சிற்றிலைப் பூண்டையும், வேகவைத்த முட்டையின் மஞ்சட் கருத் துகளையும் நீரின்மேல் தூவலாம். ஒரு குச்சியின் நுனியால் தட்டில் மெல்லத் தட்டினால், தாயின் அலகு கொத்துவது போல் எண்ணிக் குஞ்சும் கொத்தும். உண்ணும் பழக்கமுற்ற அதே இனக் குஞ்சு ஒன்று உடனிருப்பின் அதனைப் பார்த்தே இதுவும் உண்ணும். துணை கிடையாவிடின் சிறு கண்ணாடி ஒன்றைப் பெட்டியினுள் சாய்த்து வைக்கலாம்.

உண்ணத் தொடங்கியபின், மருந்து கலவாத, 20 விழுக்காடு அளவு புரதமுள்ள குஞ்சுத் தீவனம் தருக. வாத்துக் குஞ்சுக்கு நையாசின் என்னும் உயிர்ச்சத்து கோழிக் குஞ்சைவிட மிகுதியாகத் தேவை. குறைந்தால் கால்கள் வளையும். தீவனத்தில் சிறிது ஈஸ்ட் தூள் கலத்தல் இக்குறையைப் போக்கும். நாள்தோறும் எடையைக் குறித்து வருக. உடல் சூடேறிய பின்னும் எடை தொடர்ந்து குறையுமாயின் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டுவன

அலகைப் பிளந்து உணவையோ நீரையோ ஊற்றுதல் மிகவும் தீயது. அது மூச்சுக் குழலில் புகுந்து உயிரைப் போக்கும். பால் ஆகாது; ரொட்டியில் சத்தில்லை. வீட்டுக் கோழி, வாத்துகளுடன் சேர்த்து வைத்தலும் கூடாது. இரு சாராருக்குமிடையே நோய் பரவக்கூடும். இந்தியாவின் கோழிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக 2006-இல் கண்டறியப்பட்டது. தொட்டபின் சோப்பினால் கைகழுவுதல் இன்றியமையாதது.

அன்பும் ஒரு தடை

பொரித்த குஞ்சு தான் முதலிற் காணும் அசையும் உருவைத் தாயெனப் பற்றிக்கொள்ளும் இயல்பினைக் கொன்ராட் லோரென்ஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1935-இல் விரிவாக விளக்கினார்; 1973-இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். அமெரிக்க ஆய்வாளர் எக்கார்ட் ஹெஸ், காட்டு வாத்துக் குஞ்சுகளிடம் இப்பற்று பொரித்த 13 முதல் 16 மணி நேரத்திற்குள் மிக வலுவாகப் பதிவதைப் பரிசோதனைகளால் கண்டார். மனிதனைத் தாயாகப் பற்றிய குஞ்சு, வளர்ந்தபின் தன்னினத்தோடு கூடாது. மனிதரை அஞ்சவும் அறியாது. ஆகவே ஒருவரே பேசாமல் பணி செய்க. மாணவர் கூடி நின்று கொஞ்சுதல் வேண்டா.

சட்டமும் கடமையும்

பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. இன்று அவ்விடம் தேசியப் பூங்கா. 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையைப் பிடித்தலையும், அதன் முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துதலையும் தடுக்கிறது. அகப்பட்ட குஞ்சு அரசின் உடைமை. அதனைப் பெற்றவர் 48 மணி நேரத்திற்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்திற்கோ அறிவித்தல் வேண்டும். மேற்கூறிய சிகிச்சை அந்த இடைவேளைக்கு உரியதேயன்றி, வீட்டில் வளர்ப்பதற்கு உரியதன்று.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எடுத்துரைக்கலாம். உண்ணாத குஞ்சின் முன் உணவைக் குவிப்பதற்கு முன்னர், அதன் மார்பை விரலால் தொட்டுச் சூடு உளதா எனப் பார்க்கும் பழக்கத்தை ஒரு மாணவன் பெற்றாலும், அவ்வூர்க் குளத்தின் பறவைகளுக்கு அது பெருநன்மையாகும்.