வலி வந்தபின் ஒன்று, வராமலிருக்க ஒன்று

"தலைவலிக்குத்தானே டாக்டரைப் பார்த்தேன், வலிப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறாரே!" ஒற்றைத் தலைவலிக்குச் சிகிச்சை தொடங்கிய பலருடைய வீட்டில் இந்தப் பேச்சு எழுந்திருக்கும். செல்போனில் மாத்திரையின் பெயரைத் தேடுவார்கள். ஒன்று வலிப்புக்கு என்று வரும், இன்னொன்று மனச்சோர்வுக்கு, மற்றொன்று ரத்த அழுத்தத்துக்கு. பயந்துபோய் அட்டையை அப்படியே பீரோவில் போட்டுவிடுவார்கள். அடுத்த முறை மண்டை பிளக்கும்போது தெருமுனை மெடிக்கலில் வழக்கமான தலைவலி மாத்திரையை வாங்கி விழுங்குவார்கள். சிகிச்சை அங்கேயே அறுந்துபோகிறது.

இந்தப் பயம் தேவையற்றது என்பதை அந்த மருந்துகள் வந்த வழியே காட்டும். இதய நோயால் வரும் நெஞ்சுவலிக்கு ப்ரொப்ரனலால் கொடுத்துப் பார்த்த மருத்துவர்கள், ஒரு நோயாளிக்கு அதோடு ஒற்றைத் தலைவலியும் விட்டுப்போனதை 1966இல் பதிவு செய்தார்கள். பிறகு நடந்த சோதனைகள் அதை உறுதிசெய்தன. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கென்றே ப்ரொப்ரனலால் இடம்பெற்றிருக்கிறது. மனச்சோர்வுக்கு வந்த அமிட்ரிப்டிலின், வலிப்புக்கு வந்த டோபிரமேட் ஆகியவையும் இப்படித்தான் இந்த நோய்க்கு வந்து சேர்ந்தன. அமிட்ரிப்டிலினைத் தலைவலிக்கு 10 மில்லிகிராமில்கூடத் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்குக் கொடுப்பது அதைப் போலப் பல மடங்கு. மாத்திரையின் பெயரை வைத்துத் தனக்கு என்ன நோய் என்று யாரும் முடிவுகட்டிக்கொள்ள வேண்டாம்.

உலகில் 100 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இருந்தும் நம் வீடுகளில் இதற்குப் பித்தம், சைனஸ், கண் பவர், கடைசியில் "வேலை செய்யாமலிருக்க ஒரு சாக்கு" என்று என்னென்னவோ பெயர்கள். வெளிச்சம் பட்டால் கூசி, தாளிக்கும் வாசனைக்கே குமட்டி, 4 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை ஒருவரைப் படுக்கையில் தள்ளும் நரம்பு நோயை இனியும் சாக்கு என்று சொல்லக் கூடாது.

இதற்கு மருந்து இரண்டு வகை. வலி வந்தபின் அதை நிறுத்துவது ஒன்று, வலியே வராமல் தடுப்பது மற்றொன்று. முதல் வகையில் பாரசிட்டமால், இபுபுரூஃபன், நாப்ராக்சன் போன்ற வலிநிவாரணிகள் உண்டு. அவற்றுக்கு மேல் டிரிப்டான்கள். பேட்ரிக் ஹம்ப்ரி என்ற விஞ்ஞானியின் குழு கிளாக்ஸோ நிறுவனத்தில் இந்த நோய்க்கென்றே உருவாக்கிய சுமாட்ரிப்டான் 1991இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு, ரை தானியக் கதிரில் வளரும் பூஞ்சையிலிருந்து 1918இல் பிரித்தெடுத்த எர்காட்டமினைத்தான் மருத்துவர்கள் பெரிதும் நம்பியிருந்தார்கள். காஃபின், பாரசிட்டமாலுடன் எர்காட்டமின் கலந்த மாத்திரை நம் ஊரில் இன்றும் புழங்குகிறது. எர்காட்டமினும் டிரிப்டானும் ரத்தக்குழாயைச் சுருக்குபவை. இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இரண்டும் ஆகாது. ஒன்றை விழுங்கிய 24 மணி நேரத்துக்குள் மற்றதைத் தொடவும் கூடாது. இவற்றைக் கடைக்காரரிடம் தானாகக் கேட்டு வாங்குவது ஆபத்து என்பது இதனால்தான்.

எந்த மருந்தானாலும் வலி லேசாக இருக்கும்போதே போட வேண்டும். வலி முற்றினால் இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடும். விழுங்கிய மாத்திரை உடலில் சேராமல் அங்கேயே கிடக்கும். டாக்டர் சில நேரம் வாந்தி மாத்திரையையும் சேர்த்து எழுதுவது குமட்டலுக்கு மட்டுமல்ல, இரைப்பையை நகர்த்தவும்தான். "தாங்க முடியாமல் போனால் போட்டுக்கொள்ளலாம்" என்று பல்லைக் கடித்துக் காத்திருப்பவர்கள் மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தைத் தவறவிடுகிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை இதற்கு நேர் எதிரான பழக்கத்தைப் பற்றி. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும், டிரிப்டான், எர்காட்டமின், கலவை மாத்திரைகளை 10 நாளும் என்ற கணக்கில் 3 மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். காலையில் எழும்போதே தலை கனக்கும், ஒரு மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்கும், மாலையில் மீண்டும் வரும். எப்போதோ வந்த நோய் தினசரி நோயாக மாறிவிடும். தப்பு நோயாளியுடையது என்று சொல்ல எனக்கு மனமில்லை. வலியில் துடிப்பவர் கைக்கு எட்டியதைத்தான் எடுப்பார். இந்த நாள் கணக்கை அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே குறை. காலண்டரில் வலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டினால், ஸ்கேன் காட்டாத பல விஷயங்களை அது காட்டும்.

மாதத்தில் 4 நாளோ அதற்கு மேலோ வலி வந்தால் தடுப்பு மருந்து வேண்டுமா என்று கேட்கலாம். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள்; பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். பத்தே நாளில் "கேட்கவில்லை" என்று கைவிட்டால் மருந்துக்கு நேரமே கொடுக்கவில்லை என்று பொருள். எல்லாருக்கும் ஒரே மருந்து பொருந்தாது. ஆஸ்துமாக்காரருக்கு ப்ரொப்ரனலால் கூடாது. ஃப்ளூனரிசின் எடையைக் கூட்டும், சிலருக்கு மனச்சோர்வைத் தரும். டோபிரமேட் எடையைக் குறைக்கும். ஆனால் விரல் நுனி மரத்துப்போகும், பேச்சில் வார்த்தை சிக்காமல் தடுமாற வைக்கும், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு உகந்ததல்ல.

முதன்முதலாக இந்த நோய்க்கென்றே பிறந்த தடுப்பு ஊசிகள் 2018இல் வந்தன. வலியின்போது தலை நரம்புகளில் சுரக்கும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தின் வேலையை அவை தடுக்கின்றன. அவற்றில் ஒன்றான எரினுமாப் மாதம் ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஊசி. அந்தப் புரதத்தின் பங்கைக் கண்டறிந்த லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி உள்ளிட்ட நால்வர் 2021ஆம் ஆண்டின் மூளை ஆய்வுக்கான பரிசைப் பெற்றார்கள். விலைதான் சாமானியக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதனால் நம்மில் பெரும்பாலோருக்குப் பழைய மாத்திரைகளே கதி. அவை மலிவானவை, பலருக்கு நன்றாகக் கேட்பவையும்கூட.

பெண்களிடம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தடுப்புக்காகக் கொடுக்கப்படும் வால்ப்ரோயேட், கருவிலிருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. டோபிரமேட்டும் கருவுக்கு நல்லதல்ல. கல்யாணம் நிச்சயமானாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ, என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதை அப்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போனபின் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். கர்ப்பம் உறுதியாவதற்குள் குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகத் தொடங்கியிருக்கும்.